சிவப்பு பூசிய வானம்

1. மா சோ வந்த நாள்

ரங்கூனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் இருட்டறைக்காரன். கேமராவில் படம் பதிந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் என் வேலை. முதலாளி கனி சாயபு லண்டன் கண்காட்சிக்குப் போய், அங்கே பர்மா நாட்டுக்கென்று மண்டபம் எழும்பியதைப் படமெடுத்துத் திரும்பியிருந்தார். அந்தப் படங்களை ஆல்பமாகப் போடப் பெரிய ஆர்டர் வந்திருந்தது.

அப்போதுதான் கைக்குழந்தையோடு மா சோ வந்தாள். ரங்கூன் அலோன் பகுதியில் மரம் அறுக்கும் மில்லில் தச்சனாயிருந்த சின்னையாவின் பெண்சாதி. பர்மாக்காரி, புருஷனிடம் கற்ற தமிழ் பேசுவாள்; ஐயா என்பதை மட்டும் பர்மியத்தில் ஸயா என்பாள். மண்டபத்துக் கூரை வேலைக்குக் கப்பலேறிய சின்னையா, குளிரில் நெஞ்சுச்சளி கண்டு அங்கேயே இறந்துபோனான். அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது.

"ஸயா, அவரு போட்டோ இருக்கா? வீட்டுல ஒண்ணுகூட இல்ல. இது அவரு போன பொறகு பொறந்த புள்ள. நாளைக்கு அப்பா எங்கன்னு கேட்டா எதைக் காட்டுவேன்?"

எல்லா பிளேட்டையும் பார்த்தேன். மண்டபம், வாசல், துரைமார். வேலையாள் ஒருவனும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டினது யாராம்?

2. கழுவிய பிளேட்

ஒரு பிளேட்டில் கூரை முகட்டுக்கு மேலே வானம் முழுக்கச் சிவப்புச் சாயம். பிளேட்டில் சிவப்பு பூசினால் அங்கே வெளிச்சம் புகாது, பிரிண்டில் வானம் சுத்த வெள்ளையாக வரும். தொழில் வழக்கம்தான்.

"முகட்டுல ஆளு நின்னாங்களா, சாயபு?"

"நாலஞ்சு பேரு நின்னானுவ. மண்டபம் பளிச்சுன்னு தெரியணும்னு மறைச்சேன்."

"கழுவிப் பாக்கட்டுமா?"

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அதுதான் ஆல்பத்துல மொதப் படம்."

"அப்ப வெளிய உக்காந்திருக்கிற பொம்பளகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

எட்டி அவளையும் குழந்தையையும் பார்த்தார். "ஆர்டருக்குப் பிரிண்ட் எடுத்துட்டுக் கழுவு. படம் பதிஞ்ச ஜெலட்டின் பூச்சு உரிஞ்சா அந்த ஆளும் சேர்ந்து போயிருவான், பாத்துக்க."

பச்சைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். சாயம் கரைந்தது, ஜெலட்டின் உரியவில்லை. முகட்டில் ஆட்கள் நின்றார்கள். பிரிண்ட் போட்டுப் பார்த்தால், முகங்கள் மிளகளவுகூட இல்லை. மனசு விட்டுப்போயிற்று.

"மொகம் தெரியல, மா சோ."

அவள் என்னிடமிருந்து உருப்பெருக்கும் லென்ஸை வாங்கிக் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த ஆளு தலையில கட்டியிருக்கறது என் சால்வை. குளிருக்குக் கட்டிக்கன்னு நான்தான் குடுத்தேன். பொம்பளச் சால்வையக் கட்டுனா சிரிப்பாங்கன்னு வேணாம்னாரு." அழுதுவிட்டாள். "கட்டியிருக்காரு, ஸயா."

குழந்தையின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

அதன்பிறகு யார் வானத்துக்குச் சிவப்பு பூசச் சொன்னாலும், முதலில் லென்ஸ் வைத்து அங்கே ஆள் நிற்கிறானா என்று பார்ப்பேன். நின்றால் பூசமாட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிற உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.