பாவநாசத்துக்கு ஒரு பொய் நேர்ச்சை

காலை ஏழு மணிக்குச் சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கினேன். திருநெல்வேலியிலிருந்து மூன்றாம் வகுப்புக் கட்டணம் மூன்றணா. அங்கிருந்து பாவநாசம் பதினேழு மைல். நடந்தே போவதாகத் திட்டம்.

எனக்கு வயது நாற்பது. கோர்ட்டுக் குமாஸ்தா, நாற்காலியும் தொந்தியுமாக இருபது வருஷம் ஓட்டியவன். என் தகப்பனார் நாற்பத்திரண்டில், வீட்டுப் படி ஏறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். "நடக்காவிட்டால் உமக்கும் அதே கதிதான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் தெருவில் வண்டி வைக்க வக்கில்லாதவன்தான் நடப்பான். தெரிந்தவர் கண்ணில் படாமல் நடந்து பழகத்தான் ரயிலேறி இங்கே வந்தேன்.

நம் ஜில்லாக்காரர்களின் அன்பு பொல்லாதது. ஒரு மைல் போவதற்குள் மூன்று வண்டிகள் நின்றன. மூன்றாவது, நெல் மூட்டை ஏற்றிய வண்டி.

"அண்ணாச்சி, வெயில்ல எதுக்கு நடக்கீய? பைய ஏறுங்க."

"வேண்டாம் வே."

"கூலி ஒண்ணும் கேக்க மாட்டேன். சும்மா ஏறுங்க."

மானம் போயிற்று. "பாவநாசத்துச் சாமிக்கு நேர்ச்சை. நடந்துதான் போகணும்" என்று புளுகினேன். வண்டிக்காரன் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அட, இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு வீரவநல்லூர். குதிகாலில் கொப்புளம், மூச்சு இரைத்தது. ஒரு வீட்டு அம்மாள் மோர் கொடுத்து, எங்கே என்று விசாரித்தாள். அதே புளுகுதான். அவள் உள்ளே ஓடிப்போய் மஞ்சள் துணியில் முடிந்த தேங்காயோடு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமா சுரம் விடல. சாமி சன்னதியில இத உடச்சிருங்க, அண்ணாச்சி."

எப்படி மறுப்பது? வாங்கிக்கொண்டேன். என் குடையைக்கூட ஆள் தூக்கித்தான் பழக்கம்.

அன்று அம்பாசமுத்திரம் சத்திரத்தில் தங்கினேன். மறுநாள் விடிந்ததும் கால் இரண்டும் விறைத்துக் கிடந்தன. திருநெல்வேலி ரயிலுக்கு மணி அடித்தார்கள். போய்விடலாம் என்றே எழுந்தேன். தலைமாட்டில் அந்தத் தேங்காய் இருந்தது. சனியனே என்று திட்டிக்கொண்டே மேற்குப் பார்த்து நடந்தேன்.

இன்னும் ஆறு மைல். இரண்டாவது மைல்கல் தாண்டியபோது, மலைக்காற்று வேர்வையில் பட்டது. இரைப்பு நின்று மூச்சு சீராக ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் எதிரே வர, நான் கையை வீசிக்கொண்டு போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லை. கோயில் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

தேங்காயை உடைத்தேன். அவருக்காக மனசாரவே வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நடந்தே வீரவநல்லூர் திரும்பினேன். சுரம் விட்டிருக்கவில்லை. கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவருக்கு அந்த அம்மாள் நான் கொண்டுவந்த திருநீற்றைப் பூசினாள். என்னால் தாங்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. எனக்கு நேர்ச்சையே கிடையாது. டாக்டர் நடக்கச் சொன்னாரு. வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

அவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவர்தான் பேசினார்.

"கால் நடக்குதுன்னா நடக்க வேண்டியதுதான, அண்ணாச்சி. அதுக்கு எதுக்குப் பொய்யி? நான் அந்த வாசப்படி வரைக்கும் நடந்து ரெண்டு மாசமாச்சு."

அவர் கையைப் பிடித்து விடைபெற்றுப் புறப்பட்டேன்.

ஊர் எல்லையில் அதே வண்டிக்காரன், வெறும் வண்டியோடு வந்தான்.

"நேர்ச்சதான் முடிஞ்சிட்டுல்லா? இனி ஏறுங்க."

"இல்ல வே. நடக்க நல்லா இருக்கு. அதான் நடக்கேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினான்.

அன்றிரவு சேரன்மகாதேவியில் தங்கினேன். மறுநாள் மத்தியானம் ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. திருநெல்வேலிக்கு இன்னும் பன்னிரண்டு மைல். சாயங்காலம் போய்ச் சேரும்போது எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில்தான் இருப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன்.