பேர் எழுதாத விண்ணப்பச் சீட்டு

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி உபவாச ஜெபம். ராஜபாளையத்தில் எங்கள் சபையில் வேண்டுதல் உள்ளவர்கள் அதைச் சீட்டில் எழுதி வாசல் பெட்டியில் போடுவோம். பேர் எழுத வேண்டியதில்லை. ஜெபம் நடத்துகிறவர் ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். சபை முழங்காலிட்டு மன்றாடும். அன்று நானும் என் தம்பிக்காக ஒரு சீட்டுப் போட்டிருந்தேன்.

தம்பி நூல் மில்லில் சூப்பர்வைசர். பொங்கல் கழிந்த வாரத்திலிருந்து அவனுக்கு உறக்கமில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். உளவியல் நூல்களை விடாமல் படிக்கிறவன் நான், எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளூரில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஸ்ரீவில்லிபுத்தூர் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னான்.

"அண்ணே, சபையில மட்டும் மூச்சு விட்றாத. பொறவு நான் அங்க தலகாட்ட முடியாது."

மருத்துவர் நிதானமாகப் பேசினார். "இது சோம்பேறித்தனம் இல்ல. விசுவாசக் குறைவும் இல்ல. நோய். மாத்திரைய நிறுத்தாம எடுங்க, மாசம் ஒருதரம் வாங்க." திரும்பும்போது தம்பி பஸ் நிலையத்தில் இரண்டு வடை கேட்டு வாங்கித் தின்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவனாகக் கேட்டது அதுதான்.

சீட்டில் நான் எழுதியது இது: "ஒரு சகோதரர். மில் சூப்பர்வைசர். பொங்கலுக்கு மறுவாரம் முதல் தூக்கமில்லை. இருமுறை பகல் ஷிஃப்டில் பாதியில் வீடு திரும்பினார். மூன்று வாரமாக மனநோய்க்கு மாத்திரை. கர்த்தர் விடுவிக்க வேண்டும்." நாளும் விவரமும் இல்லாமல் எழுத எனக்கு வராது. எங்கள் சபையில் மில் சூப்பர்வைசர் ஒருவன்தான் என்பது, அதை வாசிக்கக் கேட்டபோதுதான் உறைத்தது. மூன்று வரிசை முன்னால் தம்பி முழங்காலில் இருந்தான். கண்மூடியிருந்த சிலர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் வயதான சகோதரி ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாத்திரைய விட்டுப்போடுங்க தம்பி. அம்புட்டும் சத்துரு, அந்தச் சாத்தான் செய்ற வேல. ஏழு நாள் உபவாசம் இருங்க, ஓடிப்போகும்." அன்பாகத்தான் சொன்னார்.

வெளியே வந்த தம்பி சிரித்தான். "பேர மட்டும் ஏண்ணே விட்ட? ஆதார் நம்பரையும் போட்டிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்."

"ஆண்டவர்கிட்டதானடே சொன்னேன்."

"நான் மில் சூப்பர்வைசர்னு ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?"

வீட்டுக்கு நடக்கையில்தான் யோசித்தேன். அவன் நோயை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த நான் என் பயத்தைக் கவனிக்கவில்லை. அதைத் தனியே சுமக்க முடியாமல் சபையின் மேல் இறக்கிவைத்திருக்கிறேன். நான் படித்த நூல்கள் இதற்குப் பதற்றம் என்று பேர் சொல்லும். எங்கள் சபையில் இதைப் பாவம் என்போம். எனக்கு இரண்டும் பொருந்தியது.

அடுத்த புதன்கிழமை மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள். தம்பி வீட்டு வாசலிலேயே அவன் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வரமாட்டாவளாம் அத்தான். மூணு நாளா மாத்திரையும் போடல, சாப்பாடும் இல்ல. உபவாசமாம்."

தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நடந்ததைக் கேட்ட மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "திடீர்னு நிறுத்துறது ஆபத்து. இன்னைக்கே போய்ச் சொல்லுங்க. முடிஞ்சா நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

மூன்று மணிக்குத் தம்பி வீட்டுக்குத் திரும்பினேன். என் குரல் கேட்டதும் தம்பி அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். மருத்துவர் சொன்னதை மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னேன்.