மகளுக்கு ஒரு வீடு, கல்முனைப் பக்கமாக

வீட்டுத் தரகனுக்கு வாய் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள், தொண்ணூறுகளில் ஒரு நாளாவது என் சைக்கிளின் பின்னால் ஏறிக் கல்முனைப் பக்கம் சுற்றியிருக்க வேண்டும். மகளுக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இலங்கைக் கிழக்குக் கரை முஸ்லிம்களான எங்களுக்குள் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கேதான் குடிவருவார். சண்டைக்குப் பயந்து உட்பக்கத்து ஊர்களை விட்ட சனமும் கரைக்கு வந்தது, சவூதிக் காசும் வந்தது. நிலம் மட்டும் இருந்த அளவிலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தையல்கடை ஹனீபா காக்கா, மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் கலியாணம். கொடுக்க வீடில்லை.

காலை விலை

சாய்ந்தமருதில் ஒரு கல்வீடு. சொந்தக்காரர் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து விலை சொன்னார். ஹனீபா காக்கா ஒத்துக்கொண்டார். கைகொடுத்து முடித்தார்கள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு முற்பணத்தோடு போனால், அதற்குள் பக்கத்து வளவுக் காணியைச் சவூதிக்குப் போய்வந்த ஒருவர் பெரிய விலைக்கு வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்து வீட்டுக்காரர் தன் விலையை அரைவாசி கூட்டிவிட்டார்.

"காலையில கை தந்தீங்களே!" என்றார் ஹனீபா காக்கா. வீட்டுக்காரர் முகம் கோணவில்லை.

"இல்லெண்டா சொல்றன்? அது சுபஹு விலை, இப்ப அசர் ஆகிட்டே."

நிந்தவூர் வீட்டுக்காரி

அடுத்தது நிந்தவூர். வீட்டுக்காரர் கிணறு, சமைக்கிற குசினி, பின்வளவுத் தென்னை எல்லாம் காட்டினார். விலையும் படிந்தது. ஹனீபா காக்காவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. அப்போது உள்ளேயிருந்து மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து, "ஆர் இவங்க?" என்று கேட்டா. வீடு பார்க்க வந்தவர்கள் என்றேன். தட்டு மேசையில் விழுந்த சத்தத்தில் நான் எழும்பிவிட்டேன். விற்கிற விசயமே அந்த மனிசிக்குத் தெரியாது. அவ புருசன் பக்கம் கையைக் காட்டினா.

"வீடு என்ட வாப்பா எனக்குத் தந்த. இவர் வந்து இருக்கிறவர். வேணுமெண்டா இவரக் கூட்டிக்கிட்டுப் போங்க."

திறப்பு இருந்தும்

மூன்றாவது வீட்டின் சொந்தக்காரர் கொழும்பில். பூட்டின் திறப்பு என் கையில். வீடு வெறுமையாகக் கிடக்கிறது என்று நான் சத்தியம் பண்ணாத குறை. கதவைத் திறந்தால், அறைக்குள் பாயில் பிறந்து கொஞ்ச நாளேயான குழந்தையோடு ஒரு பெண். பக்கத்தில் அவளுடைய புருசன். ஊரை விட்டு ஓடிவந்தவர்கள், பின்கதவால் நுழைந்து குடியிருந்திருக்கிறார்கள். "ஆரக் கேட்டு வந்தீங்க?" என்று கத்தினேன். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் பிள்ளையை மூடினாள்.

ஹனீபா காக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நல்ல வீடு, சரியான விலை. கலியாணமோ கிட்ட வந்துவிட்டது.

"இந்த வீடு வித்துப் போயிட்டெண்டு நினைச்சிக்க தம்பி. வா, போவம்."

கிணற்றடிக் கொட்டில்

பெருநாளுக்கு முன்பு அவர் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஏசத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவருடைய வீடு வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. பின்னால், கிணற்றடியில் புதிதாக ஓர் ஓலைக் கொட்டில். ஹனீபா காக்கா தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போய்க்கொண்டிருந்தார். தன் வீட்டையே மூத்த மகளின் பேருக்கு எழுதிவிட்டார். "மழை வந்தா இதுக்குள்ள எப்பிடி இருக்கிற?" என்று மட்டும் கேட்க வந்தது.

அவருடைய மனைவி சுபைதா ராத்தா கொட்டிலுக்குள்ளிருந்து தலையை நீட்டினா.

"எங்கட கதைய விடுங்க தம்பி. இளையவளையும் பொண்ணு கேட்டு வந்திரிக்காங்க, ஒரு வீடு பாருங்க."

இந்தக் கரையில் வீட்டு விலை எப்போது இறங்கும் என்று கேட்கிறவர்களிடம், பெண்பிள்ளை பிறப்பது நின்றாலோ கடல் கொஞ்சம் பின்னால் போய் நிலம் விட்டாலோ இறங்கும் என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிடுவேன்.