துடைச்சுட்டு வராதீங்க

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில் பெயர் ‘அட்டை’. எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாக அடியில் ஓர் அட்டையை விரித்துவிடுவார். அரை மணி கழித்து உருவிப் பார்ப்பார். சொட்டு கறுப்பா, சிவப்பா, பச்சையா, எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதை வைத்தே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். என்ஜினைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

“துடைச்சுட்டு வந்தா நான் எதைப் பாக்கிறது? ஜோசியமா பாக்கணும்?”

பக்கத்து ஷெட்டில் பெயிண்ட் அடிக்கும் எனக்கு இது தினமும் காதில் விழும் பாட்டு.

அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று வாரமாக வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? மலத்தோடு ரத்தம் போவதைப் பார்த்திருக்கிறார். பார்த்த கையோடு தண்ணீரை ஊற்றி, பீங்கானைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல வெளியே வந்திருக்கிறார். முதல் நாள் பீட்ரூட் மேல் பழி. அப்புறம் உடம்புச் சூடு. அப்புறம் நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை. பழி போட ஆள் தீர்ந்ததும் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

அக்காதான் கண்டுபிடித்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் பிரஷ்ஷைத் தொடாத மனிதர் தினமும் கழிப்பறை கழுவினால் எந்தப் பெண்டாட்டிக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் வரவழைத்து, அவரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டுச் சொன்னார்.

“மூலமாத்தான் இருக்கும். போனா பெரிசா ஏதாவது பேர் சொல்லிடுவாங்க. எங்கண்ணனுக்குச் சொன்ன மாதிரி.”

அவருடைய அண்ணன் குடலில் புற்றுநோய் வந்து இறந்துபோனவர். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு மாமா மேல் கோபம் வந்தது.

“உங்கண்ணன் எத்தனை நாள் கழிச்சு டாக்டர்கிட்ட போனாரு?” என்று அக்கா கேட்டாள்.

“ஒரு வருஷம்.”

“நீங்களும் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “ஊர்ல இருக்கிற அட்டையெல்லாம் ரத்தத்தைக் கண்டா ஒட்டிக்கும். நம்ம அட்டை மட்டும் ஓடுது” என்றேன். அக்கா முறைத்தாள். மாமா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியின் மூடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“எழுது மச்சான்.”

எந்த நாள், என்ன நிறம், எவ்வளவு, வலி உண்டா என்று அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதினேன்.

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு மூவரும் போனோம். டாக்டரம்மா அந்த அட்டையை இரண்டு முறை படித்தார்.

“இவ்வளவு தெளிவா யாரும் சொல்றதில்ல. முதல் நாளே வந்திருக்கலாம்” என்றார். மாமா தலையாட்டினார்.

கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்ததில் குடலில் பட்டாணி அளவு சதை வளர்ச்சி. அப்போதே எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் அடித்த பெயிண்டெல்லாம் திட்டுத் திட்டாகத்தான் வந்தது. கடைசியில், புற்று இல்லை என்றார்கள். அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் புற்றாக ஆகியிருக்கலாமாம். சில வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

போன வாரம் ஒருவர் என்ஜினைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் பழைய பாட்டைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டேன். மாமா அட்டையை விரித்தார்.

“பயந்துபோய்த் துடைச்சீங்களா? பரவாயில்ல, நானும் துடைச்சவன்தான். உக்காருங்க, பாத்துடலாம்.”