கிள்ளான் இடியும் என் நோடும்

கிள்ளானில் மத்தியானத்துக்குமேல் இடி இடிக்காத நாள் குறைவு. முதல் இடி விழுந்ததும் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான். டிவி பிளக்கைப் பிடுங்கு, மோடம் பிளக்கைப் பிடுங்கு. எங்கள் வீட்டில் அந்த இலாகா என் கணவருடையது. கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். விடியற்காலை ஷிப்ட் முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். அசந்து தூங்கினாலும் வானம் உறுமினால் எழுந்துவிடுவார். முன்பு ஒருமுறை மின்னல் டெலிபோன் கம்பி வழியாக இறங்கி மோடத்தையும் டிவியையும் கருக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் யார் பேச்சும் அவர் காதில் ஏறாது.

இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, வீட்டில் பிட்காயின் நோட் ஒன்றை ஓட்டியே தீர வேண்டும் என்ற நிலைமை வரும்வரை.

ஆட்குறைப்பில் என் வேலை போயிருந்தது. பல வருடம் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தவள் நான். நேர்முகத்துக்குப் போன இடமெல்லாம் என் வயதைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், கூப்பிடுகிறோம் என்பார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கணவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன நிறுவனத்துக்குப் போனேன். மற்றவர்களுக்காக நோடுகளைப் பராமரித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். நோட் என்பது ஒரு சாதாரணக் கணினிதான். பிட்காயின் தொடங்கிய நாளிலிருந்து நடந்த பரிமாற்றம் அத்தனையையும் இறக்கி, ஒவ்வொன்றும் சரியா என்று தானே சோதித்து வைத்துக்கொள்ளும். உலகெங்கும் உள்ள மற்ற நோடுகளோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். முதலாளி என்னைவிட வயதில் சிறியவர். என் சான்றிதழ்களைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சர்ட்டிபிகேட்லாம் வேணாம்லா அக்கா. ஒங்க வீட்டு லைன்ல ஒரு நோட் போடுங்க. இங்கேருந்து நான் கூப்புடுவேன். அது பதில் சொன்னா வேலை ஒங்களுக்கு. அடுத்த மாசம் மொத வாரம் வாங்க."

போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

பழைய மினி கணினி ஒன்று வீட்டில் கிடந்தது. பதிவுகளைச் சேமிக்க அதற்குப் பெரிய எஸ்எஸ்டி வட்டு ஒன்றை மட்டும் வாங்கி மாட்டி, டிவி அலமாரிக்குக் கீழே மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் இறக்கிச் சோதித்து முடிக்க நாள்கணக்கில் ஆகும். போட்டுவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் மணிக்கொரு தரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியைத் தாண்டியிருந்தது. நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் இடி இடித்தது. திரும்பி வந்து பார்த்தால் பிளக்குகள் தரையில் வரிசையாகக் கிடக்கின்றன. எழுதிக்கொண்டிருந்த கணினியைத் திடீரென்று அணைத்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. பதிவு சிதைந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கு என்றது திரை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"யாரக் கேட்டுப் புடுங்குனீங்க?"

"இடி இடிக்குது, இதுல யாரக் கேக்கணும்? வீடு எரிஞ்சா ஒன் நோட் வந்து அணைக்குமா?"

முதலிலிருந்து தொடங்கினேன். கணினியின்மேல் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். அடுத்த இடிக்கு மனிதர் கணினியைத் தொடவில்லை. மோடத்தை மட்டும் பிடுங்கினார். "பொட்டிய தொடாதேன்னுதான எழுதியிருந்தே? மோடத்த ஒண்ணும் சொல்லலையே" என்று சட்டம் வேறு பேசினார். மோடம் திரும்ப உயிர் பெற்றபோது என் கணினிக்கு வீட்டுக்குள் வேறு ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டது. வெளியிலிருந்து வருகிற நோடுகளுக்காக மோடத்தில் நான் திறந்து வைத்திருந்த வழியோ பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. ஆள் குடிமாறிப் போன வீட்டின் கதவைத் தட்டுகிற கதை. காரணம் புரிய ஒரு முழு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கணினிக்கு எப்போதும் ஒரே முகவரிதான் என்று மோடத்தில் எழுதி வைத்த பிறகும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வரவில்லை.

தோண்டிப் பார்த்தேன். இணையச் சேவைக்காரர்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டை மட்டும் தேடி யாரும் வர முடியாது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அணைத்துப் போடச் சொன்னார்கள். நானும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் காலை பசியாறிவிட்டு முதல் வேலையாக அவர்களைக் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு பெண், "ஆன்டி, நீங்க விடமாட்டீங்க போல" என்று சொல்லிவிட்டு எங்களுக்கென்று தனி முகவரி வாங்கிக் கொடுத்தாள். விடமாட்டேன்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் இடி பாக்கி இருந்தது. சண்டை போட்டு இந்த மனிதரை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. கோபம் ஆறி யோசித்துப் பார்த்தால் அவர் பயத்தில் நியாயமும் இருந்தது. டெலிபோன் கம்பி போய் இப்போது வருவது ஃபைபர். அது கண்ணாடி இழை, அதில் மின்னல் இறங்காது. ஆனால் சுவரில் இருக்கிற கரண்ட் வழியாக இறங்கலாம். அப்படியானால் சுவரிலிருந்து மட்டும் பிடுங்கினால் போதும்; உள்ளே எதுவும் அணையக் கூடாது. யுபிஎஸ் பேட்டரி ஒன்று வாங்கி வந்தேன். மோடமும் கணினியும் பேட்டரிப் பெட்டியில். பெட்டியிலிருந்து ஒரே ஒரு பிளக் சுவரில்.

"இடி இடிச்சா இத மட்டும் புடுங்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அரை மணி நேரம்."

அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நோட் ஒருவழியாக எல்லாவற்றையும் இறக்கி முடித்தது. வெளியிலிருந்து எங்கெங்கோ இருக்கிற நோடுகள் வந்து ஒட்டிக்கொண்டன. அந்தத் திரையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சொன்ன வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். முதலாளி கண்ணாடி அறைக்குள் யாரோ வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மத்தியானம் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது கைபேசி அடித்தது.

"இங்க செம இடி. புடுங்கிட்டேன்."

"எதப் புடுங்குனீங்க?"

"நீ சொன்னதத்தான். செவுத்துல இருக்கறது. பொட்டி கீ கீன்னு கத்துது."

"கத்தட்டும். நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

அரை மணி நேரம். உள்ளே முதலாளி சாவகாசமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வேலை தேடிப் போன இடங்களில் எல்லாம் கூப்பிடும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அன்று உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டித் திறந்தேன்.

"பாஸ், மன்னிக்கணும். இப்பவே பாக்கணும். இன்னும் கொஞ்ச நேரம் போனா முடியாது."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாடிக்கையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வாசலை விட்டு நகரவில்லை. வேறு வழியில்லாமல் மடிக்கணினியைத் திருப்பி, நான் சொன்ன முகவரியைத் தட்டினார். திரை கொஞ்ச நேரம் வெறுமனே இருந்தது. பிறகு கிள்ளானில் இருந்த என் நோட் பதில் சொன்னது. அவர் ஒருமுறைக்கு இரண்டுமுறை சோதித்தார். இரண்டு தடவையும் பதில் வந்தது.

"என்னக்கா இவ்வளவு அவசரம்?"

உள்ளதைச் சொன்னேன். இடி, பிளக், பேட்டரி எல்லாவற்றையும். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"யாரோ பிளக் புடுங்குற வீட்ட நம்பியா டெஸ்டுக்கு வந்தீங்க?"

"வீட்ட நம்பி வரல பாஸ். புடுங்குற ஆள நம்பி வந்தேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

படியிறங்கிப் புடவைக் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று வீட்டுக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் பேட்டரிப் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"வேலை கெடச்சிருச்சிங்க."

பெட்டியின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டேன்.

"இடி இன்னுமா இடிக்குது அங்க?"

"அது அப்பவே விட்டுருச்சி."

"அப்பறம் ஏன் இன்னும் மாட்டாம இருக்கீங்க?"

"பிளக்கக் கையிலதான் வச்சிருக்கேன்," என்றார். "நீ சொல்லாம எப்படி மாட்டுறது?"