மொத்த வண்டியும் ஒரே பார்வையில்

பேச்சியம்மாள் போய்விட்டாள் என்று எனக்குச் சொன்னது அவள் வீட்டார் இல்லை. ஜீப் டிரைவர்தான் சொன்னார். காலையில் மார்க்கெட் பக்கம் காய் வாங்கிக்கொண்டு நின்றேன். வண்டியை ஓரம் கட்டி, "ஆத்தா, ஒங்க சேக்காளி போயிருச்சு. நேத்தே எடுத்துட்டாங்க" என்றார். மூன்று தெரு தள்ளி இருக்கிற எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அவள் மருமகளை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். அது இருக்கட்டும்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு அவளோடு ஒரே ஜீப்பில் போய் வந்த உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் அவளைக் காய் எடுக்கிற வேகத்துக்காக நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு அவள், கூட்ஸ் வண்டி பார்க்க இடம் தேடி அலைந்தவள்.

நம் ஜீப்பின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிறவளுக்குத்தான் பின்பக்கத்து ஓரச் சீட்டு. அது என் சீட்டு. ஒருநாள் பேச்சி கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து, "எனக்குந்தான் கொமட்டுது" என்று அதில் உட்கார்ந்துகொண்டாள். நான் நடுவில் நசுங்கிக்கொண்டு, மடியில் பாலிதீன் பையோடு, ஒரு வருஷம் முழுக்க மலை ஏறினேன். பிறகு ஒருநாள் வளைவில் ஜீப் திரும்பும்போது பார்த்தால், எலுமிச்சம்பழம் மடியில் கிடக்கிறது, அவள் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கத்துகிறாள்: "ஏ, அந்தா பாரு, கூட்ஸு! ஐயோ, மரம் மறைக்குதே!"

கீழே போடிக்குப் பெரிய ரயில் லைன் போட்டுக்கொண்டிருந்த சமயம். ஜல்லி ஏற்றி வந்த வண்டியாம்.

"ஒனக்கு வாந்தியே கெடையாதாடி?" என்று கேட்டேன்.

"வாந்தியா? எனக்கா?" என்று சிரித்தாள்.

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். பக்கத்துப் பக்கத்துச் செடியில் குனிந்து காய் எடுப்போம். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூட அவள் கையிலிருந்து வாங்கமாட்டேன். மூன்று வருஷம்.

அதற்குள் அவளுக்குச் சீனி வியாதி வந்து கண்ணைப் பிடித்துவிட்டது. பதமான காய்க்கும் பிஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் எடுத்தாள் என்று, தோட்டத்தில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எடது கண்ணு போயிருச்சு சுப்பு. வலது கண்ணும் மங்கிக்கிட்டே வருது. அது போறதுக்குள்ள ஒரு கூட்ஸ முழுசாப் பாத்துறணும். எஞ்சின்லருந்து கார்டு பொட்டி வரைக்கும், ஒரே பார்வையில. எடம் தேடணும், வர்றியா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளே மேலே சொன்னாள்: "ஒத்தக் கெழவி தண்டவாளத்துப் பக்கம் நின்னா, சாகப் போறான்னு வெரட்டி விடுறாங்கடி. ரெண்டு பேரா நின்னா கேக்க மாட்டாங்க. மத்தவளுகளக் கூப்புட்டா வாய் ஓயாது, வண்டி போறதே தெரியாது. நீதான் எங்கூடப் பேச மாட்டியே. அதான் தோது."

கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பேசாமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இடம் பார்க்க அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. நின்ற இடத்தில் இரண்டு கையையும் அகல விரிப்பாள். இடது கை நீட்டுகிற இடத்தில் எஞ்சின் நுழைய வேண்டும், வலது கை நீட்டுகிற இடத்தில் அது மறைய வேண்டும். நடுவில் சுவரோ, தென்னையோ, விளம்பரப் பலகையோ நின்றால், "இது ஆகாது" என்று கையைக் கீழே போட்டுவிடுவாள். ஸ்டேஷன் ஓரம் ஆகவில்லை, சுவர். வாய்க்கால் கரையும் ஆகவில்லை. தோப்பு வண்டியின் வயிற்றை விழுங்கிவிட்டது. கூட்ஸ் நம் பக்கம் வருவதே அபூர்வம். ஸ்டேஷன் எதிரே இருந்த டீக்கடைக்காரர்தான் தகவல் சொல்வார். அப்படிச் சொன்ன ஒருநாள் தேனி ரோட்டுப் பக்கத்து ரயில்வே கேட்டில் போய் நின்றோம்.

அன்றைக்குத்தான் எனக்கும் புரிந்தது. சத்தம் வருவதற்கு முன்னால் பூமியின் அதிர்வு வந்தது. உள்ளங்காலுக்குள் ஏதோ ஏறியது, கேட்டுச் சங்கிலி தானாக ஆடியது. பிறகு பெட்டி, பெட்டி, பெட்டி. ஜன்னல் இல்லை, முகம் இல்லை, கை ஆட்ட ஒரு ஆள் இல்லை. வெறும் கனம் மட்டும் நம்மைக் கடந்து போகிறது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. என் வயசுக்கு எத்தனையோ வெள்ளம், எத்தனையோ தேர் பார்த்திருக்கிறேன். இப்படி மலைத்து நின்றதில்லை.

"ஆளே இல்லாம எம்புட்டுப் பெருசு போகுது பாருடி" என்றாள் பேச்சி. "நாப்பத்திரெண்டு பொட்டி."

நாற்பத்தொன்றுதான். பேச்சு இல்லாததால் ஒரு விரலை மடக்கி, ஒன்று குறைவு என்று காட்டினேன். என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். உடனே முகம் வாடிவிட்டது. "என்ன பிரயோசனம்? தலை வரும்போது வாலக் காணோம். வால் வரும்போது தலையக் காணோம்."

அதற்குப் பிறகுதான் நம் ஜீப்பிலேயே மலைக்குப் போனோம். டிரைவர் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துகிற வளைவுக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு பாறை இருக்கிறது. பேச்சி அதன் மேல் நின்று கையை விரித்தாள். நடுவில் ஒன்றும் இல்லை. போடி, கண்மாய், தோப்பு, காற்றாலைகள் எல்லாம் காலுக்குக் கீழே. வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பப் போகிறது என்று டீக்கடைக்காரர் போன் செய்தார். முதுகுக்குப் பின்னால் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. "வெரசாப் பாருங்க ஆத்தா, இப்ப மூடிரும்" என்று மேலேயிருந்து டிரைவர் கத்தினார்.

என் கண்ணுக்கு வண்டி தெரிந்துவிட்டது. கேட்டில் பூமியை ஆட்டிய அதே வண்டி, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு சரம் ஏலக்காய் நீளத்துக்கு, பச்சைக்கு நடுவில் நகர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை ஒன்றாக. அவ்வளவு பெரியதை இவ்வளவு சின்னதாக்கி மடியில் வைத்திருக்கிற தரையைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பாத்துட்டேன்டி, பாத்துட்டேன்" என்றாள் பேச்சி. திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் ரோட்டுப் பக்கம் இருந்தது. அங்கே வரிசையாக மூன்று லாரி போய்க்கொண்டிருந்தது.

சரி, சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் குணம் இல்லை.

"அது லாரிடி, கூறு கெட்டவளே! லாரியப் பாத்துட்டுக் கூட்ஸப் பாத்தேன்னு கண்ண மூடப் போறியா?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்தேன். கண்மாய்க்கு நேராகத் திருப்பினேன். "வெள்ளையா மின்னுதா? அதான் தண்ணி. அதுக்கு இங்கிட்டு, கீழ வா. இன்னும் கீழ. நகருதா?"

முதலில் தலை அசையவில்லை. பிறகு என் கைக்குள் இருந்த தலை தானாகவே, மெதுவாக, இடமிருந்து வலமாகத் திரும்ப ஆரம்பித்தது. வண்டியின் வேகத்துக்கு. நான் திருப்பவில்லை.

"முழுசு" என்றாள். பனி வந்து மூடும் வரை அந்தத் தலை திரும்பிக்கொண்டே இருந்தது.

அடுத்த மழைக்குள் அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. இப்போது ஆளும் போய்விட்டாள். முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை. ஆனால் ஒரு தலை தனக்கு வேண்டியதைக் கண்டுகொண்டு திரும்பிய அந்த அசைவு, என் இரண்டு உள்ளங்கையிலும் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.