சித்தப்பா கேட்டு வாங்கிய படிக்கட்டு

இரும்புத் தடுப்புப் போட்டு மூடிய அந்தப் படிக்கட்டின் முன்னால், சித்தப்பா தொழிற்சாலை உடுப்போடு குந்தியிருந்து உடைந்த கற்களை எண்ணியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. கீழே பஸ் நிறுத்தம், மேலே வீடுகள், இரண்டுக்கும் நடுவே அந்தப் படிக்கட்டு. அதை மூடிய பிறகு வயதானவர்கள் சாமான் பைகளோடு மலையைச் சுற்றி மூச்சிரைக்க ஏறினார்கள்.

சித்தப்பா அகதியாக வந்து, வெல்டிங் வேலை பழகி, ஜெர்மன் குடியுரிமை எடுத்தவர். நகரசபைத் தேர்தலில் அவர் வென்றபோது எங்கள் தமிழ் ஆட்கள் மாலை போட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து வீட்டு மணி ஓயவில்லை. ஒருவருக்குத் தம்பியின் விசா, இன்னொருவருக்கு வீடு. "அது நகரசபையால செய்யேலாது அண்ணை" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. "வெண்ட உடன ஆள் மாறிட்டார்" என்றார்கள். சபையிலோ வேறு விதம். அவர் படிக்கட்டைப் பற்றிப் பேச எழுந்தால் அகதிகளைப் பற்றிக் கருத்துக் கேட்பார்கள். "முப்பது வருசமா நான் ஏறி இறங்கின படியைப் பற்றி என்னட்டை ஒருத்தரும் கேக்கினமில்லை" என்று எங்கள் வீட்டில் வந்து கொதிப்பார். ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம் கோரிக்கை எழுதிக் கொடுத்து, பதவிக்காலத்தின் கடைசிக் கூட்டத்தில் திருத்தவேலைக்கு ஒப்புதல் வாங்கினார்.

அடுத்த தேர்தலில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

படிக்கட்டைத் திறந்தபோது அவர் இடத்துக்கு வந்தவர் நாடா வெட்டினார். சித்தப்பாவுக்கு அழைப்பே இல்லை. பத்திரிகையில் படத்தைப் பார்த்ததும் ஆத்திரம் தாங்காமல் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கோபமே வரேல்லையா சித்தப்பா?"

"வந்தது. அவையளில இல்லை."

"பின்னை ஆரில?"

கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஆருக்கு வோட்டுப் போட்டனி, பிள்ளை?"

எனக்கு வாக்கு இல்லை. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்பவள், ஜெர்மன் குடியுரிமை எடுக்காமல் இலங்கைக் கடவுச்சீட்டோடே இருந்துவிட்டேன். குடியுரிமைக்காக அவர் இரண்டு முறை எனக்கு அலுவலகத்தில் தெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்துத் தந்தார். ஒருமுறை வேலை என்றேன், மறுமுறை மறந்துவிட்டேன். என்னைப் போல எத்தனை பேர் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவர் அவர்தானே.

"வெளியாக்கள் அப்பிடித்தான் எண்டு விடலாம். உன்னை என்ன செய்ய?" என்றுவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினார்.

மறு கிழமையே விண்ணப்பித்தேன். இன்னும் பதில் வரவில்லை, காத்திருக்கச் சொல்கிறார்கள். வரும் தேர்தலுக்குள் எனக்கு வாக்குக் கிடைத்துவிடலாம். சித்தப்பா இனி நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.